ஊசி குதித்த காரணம்

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கருங்கல் சுவர், பலகைத் தரை. ஓய்வு பெற்றதும் ஹாலில் இருந்த மர அலமாரியின் மேல் ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் அதன் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்களையும் வைத்தேன். சேர்த்திருந்த இசைத்தட்டுகள் பெரும்பாலும் நாதசுரம். தவில் சூடுபிடிக்கும் இடம் வந்தால் சத்தத்தை இன்னும் கூட்டுவேன். சரியாக அங்கேதான் ஊசி குதிக்கும்.

என் மனைவி பழனிக்காரி. கடைவீதியில் வளர்ந்தவள், குதிகாலை ஊன்றி விறுவிறுவென்று நடப்பாள். முதல் முறை ஊசி குதித்தபோது அவள் காபியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் நடைதான் காரணம் என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்குக் கம்பளிக் காலுறை வாங்கினேன். அது போதவில்லை. பலகை அதிராதபடி அடியில் மரச்சட்டம் தாங்கும் இடங்களைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, சமையலறையிலிருந்து என் நாற்காலி வரை சாக்பீஸால் ஒன்பது வட்டம் போட்டேன். அவற்றில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். அறுபத்தைந்து வயதுப் பெண்மணி தம்ளரைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு வட்டம் தாவி வந்தாள். பழனியிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் இதைப் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, இந்த வயசுல பாண்டி வெளையாடுறியா?"

"சங்கீதம்ணே," என்றாள்.

பிறகு அவள் ஹாலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். பாட்டு ஓடும்போது சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அதை நான் ஒரு முன்னேற்றமாகவே நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அவள் பத்து நாள் பழனி போனாள். மறுநாள் காலையே எனக்குப் பிடித்த தட்டைப் போட்டுச் சத்தத்தை முழுதாகத் திறந்தேன். தவில் வந்தது. ஊசி குதித்தது. சமையலறையில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூடச் சந்தேகித்தேன், அது வெளியே மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அலமாரியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரன் உடம்பு போல அது நடுங்கியது. ஸ்பீக்கர் அலமாரியை உலுக்க, அலமாரி ஊசியை உலுக்கியிருக்கிறது. சத்தத்தைக் குறைத்தேன், குதிக்கவில்லை. கூட்டினேன், குதித்தது. பத்து முறை செய்து பார்த்தும் என் பக்கம் ஒரு தீர்ப்புகூட வரவில்லை.

கொத்தனாரை அழைத்துக் கருங்கல் சுவரில் ஒரு கடப்பைக் கல்லைப் பதித்து, பிளேயரை அதன்மேல் ஏற்றினேன். ஸ்பீக்கர்கள் எதிர் மூலைக்குப் போயின. அன்று நாதசுரக்காரர் மூச்சு இழுப்பதுகூட எனக்குக் கேட்டது.

அவள் திரும்பி வந்து, பழக்கத்தில் முதல் வட்டத்தைத் தேடிக் காலை வைத்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இனி நீ இஷ்டம்போல் நடக்கலாம், உனக்காகத்தான் சுவரில் கல் பதித்தேன்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

நான்கு மாதம் அந்தப் பெருந்தன்மையில் சௌகரியமாக வாழ்ந்தேன். அதற்குள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அவள் சொல்லி முடித்திருந்தாள். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாளை அழைத்து வந்து, கோயில் சிலையைக் காட்டுவதுபோல் அந்தக் கல்லைக் காட்டினாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறைதான். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அவர் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அந்தக் கல்லை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப என் நடையில குத்தமே இல்லையா?"

"இருந்தாலும் கொஞ்சம்தான். முக்கால்வாசி நான்தான்."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா உங்களை மகராசன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கேன். இப்ப ஒவ்வொருத்தருக்கா மாத்திச் சொல்லணும். எனக்கு வேற சோலி கெடக்கு."

போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, என் கையில் கொடுத்தாள்.

"மொத ஆளு எங்க அண்ணன். நீங்களே சொல்லுங்க."

மறுமுனையில் மச்சான், "சொல்லுங்க மாப்ள," என்றார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கேட்க உட்கார்ந்தாள்.