கத்தரி அலகு

கராச்சர்மா ஊர்க் கடையில் கோழித்தீவனம் அள்ளும்போது எழுந்த புளித்த வாசனை என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த சௌல்தாரி கிராமத்துக்குக் கொண்டுபோனது. ஒன்பது வயதில் அங்கே ஒரு கோழிக்குஞ்சு வளர்த்தேன். மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல்போல் குறுக்காக மாறியிருந்ததால் குஞ்சால் கொத்தித் தின்ன முடியாது. ரவைக்கஞ்சியைக் குச்சியில் தொட்டு ஊட்டுவேன். கழிச்சல் ஒட்டிக் காய்ந்த பின்புறத்தை வெந்நீரால் துடைப்பேன்.

விடுமுறைக்குத் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்ட் கிளம்பினோம். குஞ்சைப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் விட்டிருப்பதாக அம்மா சொன்னாள். கப்பலில் தினமும் கேட்டேன்.

“சாப்பிட்டிருக்குமாம்மா?”

“வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கும்டி.”

ஊர் திரும்பியதும் அக்காவிடம் ஓடினேன்.

“என்கிட்ட யாரு பாப்பா குடுத்தா? கிளம்புற அன்னிக்கே உங்கம்மா கழுத்தைத் திருகிட்டாங்களே.”

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. மருந்து போட்டாயா என்றால் போட்டேன் என்கிறாள். நான் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்க்கிறேன்.