ஈரலில் ஒரு புள்ளி

ஸ்கேன் சென்டர் உதவியாளனுக்கு முதல் வேலை "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பது, இரண்டாவது வேலை அந்தப் பதிலைச் சந்தேகிப்பது. வெறும் வயிற்றோடு எங்கள் பெஞ்சில் காத்திருந்து நொந்தவர்களுக்கு இது தெரியும்.

இரண்டு கணு

கச்சிராயபாளையத்துக் காசி கரும்பு வெட்டுகிறவர். குடியால் ஈரல் சுருங்கிப்போய், பிறகு குடியை விட்டவர். சுருங்கிய ஈரலில் புற்று சத்தமில்லாமல் வளரலாம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முதல்முறை கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது எதுவும் சாப்பிடவில்லை என்று அடித்துச் சொன்னார். திரையிலோ வாயு மறைத்து ஈரல் பாதிதான் தெரிந்தது. டாக்டர் மறுநாள் வரச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் மெல்ல விசாரித்தேன்.

"பஸ்ஸு வர்ற வரைக்கும் ரெண்டு கணு கரும்பு கடிச்சிக்கினு நின்னேன். அது சாப்பாட்டுல சேருமாங்க?"

பெயரில்லாத புள்ளி

நான் எட்டாவதோடு நின்றவன். என் மனைவிக்கு ஈரலில் புற்று என்பது வலி வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் போன பின், இந்தப் படங்களைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல ஈரல் திரையில் ஒரே சீராக இருக்கும். காசியுடையது உழுது போட்ட கொல்லை மாதிரி.

இரண்டாம் வருடம் அந்தக் கரடுமுரடுக்கு நடுவே, சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு புள்ளி. சுருங்கிய ஈரலில் சாதாரண முடிச்சும் அப்படித்தான் தெரியும். மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். காசியின் மனைவி அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்குதுன்னு காட்டத் தெரியுது, இன்னான்னு சொல்லத் தெரியாதா அந்த மெஷினுக்கு?"

முதலில் நனைவது

கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, அது ஈரலில் பாயப் பாய அடுத்தடுத்துப் படம் எடுப்பார்கள். எதற்கு என்று காசி கேட்டார். ஈரலுக்குப் பெரும்பாலும் குடல் பக்கமிருந்து ரத்தம் வருகிறது, புற்றுக்கட்டியோ இதயத்திலிருந்து வரும் குழாயில் தனியாக இழுக்கும் என்றேன். ஏற்றின மருந்து அந்தக் குழாயில்தான் முதலில் வரும்; அதனால் கட்டி முதலில் பளிச்சிடும், மற்ற இடங்களுக்கு முன்பே மங்கியும் விடும்.

"மட தொறந்ததும் எவன் கொல்லை மொதல்ல நனையுது, மொதல்ல காயுதுன்னு பாக்கறீங்க. நேராச் சொல்றதுதான சார்?"

வலி இல்லாத நோய்

புள்ளி முதலில் பளிச்சிட்டது, முதலில் மங்கியது. புற்றுதான். ஆனால் ஒன்றே ஒன்று, சிறியது. ஊசி செலுத்திச் சுட்டு அழித்துவிடலாம் என்று டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். காசிக்கு என் மேல் கோபம். "ஒரு வலி இல்ல, நல்லா வேல செஞ்சிக்கினு இருந்தேன். நீங்க தேடாம இருந்திருந்தா எனக்கு இது இருந்திருக்குமா?" என்றார். அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"யோவ், தேடாம வுட்டிருந்தா நீயே இருந்திருக்க மாட்ட. எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாவுது."

கட்டியைச் சுட்டு அழித்த பிறகும் காசி ஸ்கேனுக்கு வரும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார். என் மனைவியைப் போல வலி வந்தபின் வருகிறவர்கள் யாரையும் திட்டுவதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது.