மொட்டையடித்த புல்தரை

என் அக்கா புருஷன் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். அடுத்தவன் தப்பைத் தோண்டியே பிழைத்த மனுஷன். ஓய்வு பெற்றதும் தோண்ட ஆள் கிடைக்காமல் வீட்டு முன்னாலிருந்த புல்தரை மேல் பாய்ந்தார். ஒரு களை தலைகாட்டினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மகள் முதல்முறையாகக் குழந்தையோடு வரப்போகிறாள் என்று தெரிந்ததும் ஆட்டம் அதிகமானது. பேரனைப் போன் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

"என் பேரன் முதல் அடி வைக்கப்போறது இந்தப் புல்லுலதான்" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

புல்லை ஒட்ட வெட்டினால் களை வராது என்பது இவருடைய கண்டுபிடிப்பு. எந்திரத்தை ஓட்டி ஓட்டித் தரையை மொட்டையடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் நினைத்தபோதுதான் புல் வெட்டுவார். அவருக்கு இவர் வைத்த பேர் 'சோம்பேறி'. அங்கே உயரமாக, அடர்த்தியாக நின்ற புல்லின் நிழலில் ஒரு களையும் முளைக்கவில்லை.

"ஏங்க, நாமளும் கொஞ்சம் வளரவிட்டுத்தான் பார்ப்போமே" என்றாள் அக்கா.

"உனக்கென்ன தெரியும்? வாயை மூடு."

மொட்டை மண்ணில் வெயில் விழுந்ததும் கோரைக் களை கிளம்பியது. பிடுங்கினார். தண்டு மட்டும் கையில் வரும்; மண்ணுக்குள் இருந்த கிழங்கு மறுபடி முளைக்கும். கடைசியில் களைக்கொல்லி வாங்கி வந்தார். "ஒரு மூடிதான் கலக்கணும் சார். புல்லு மேல படாம, களை மேல மட்டும் அடிங்க" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னாராம். இந்த மேதாவி பாதி டப்பாவைக் கவிழ்த்துத் தரை முழுக்க அடித்தார். புல் மொத்தமும் வைக்கோலானது. அதற்கு நடுவே கோரை மட்டும் பச்சைப்பசேலென்று திரும்பி வந்தது.

மகள் வந்தாள். அன்று காலையும் இவர் அடித்திருந்த மருந்தின் நெடியில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, இந்த விஷத்துல இவனை இறக்கவே மாட்டேன்."

மறுநாள் காலை மகள் குழந்தையை வேலிக்கு அந்தப் பக்கம் சோம்பேறியின் புல்லில் இறக்கிவிட்டாள்; அது எழுந்து நின்றது. அத்தான் இந்தப் பக்கமிருந்து கைகளை நீட்டினார்.

"தாத்தாகிட்ட வாடா கண்ணா!"

குழந்தை அவரைப் பார்த்தது. "தா... தா" என்றது. அப்படியே திரும்பித் தத்தித் தத்திப் போய்ச் சோம்பேறியின் காலைக் கட்டிக்கொண்டது.

பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் நீட்டிய கையை மடக்கி, அங்கேயே குந்தி, ஒரு கோரையைப் பிடித்து இழுத்தார். தண்டு மட்டும் கையோடு வந்தது.