மூன்றாம் சிலிண்டரில் கேட்ட சத்தம்

அவளை நாங்கள் ஸ்டெத்து என்றுதான் கூப்பிடுவோம். வாரத்தில் ஆறு நாள் ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல் மெஷின்களுக்கு மெக்கானிக். ஞாயிறு காலையில் எங்களோடு பழைய விமான ஓடுதளத்துக்கு வந்துவிடுவாள். நாங்கள் ஒன்றும் பெரிய ரேஸ்காரர்கள் இல்லை. ஒரு பல் டாக்டர், ஒரு பெயின்ட் கடைக்காரர், ஒரு பஸ் டிரைவர், இப்படி ஒரு கும்பல். வீட்டு ஷெட்டில் சொந்தக் கையால் தேற்றிய கார்களை இரண்டிரண்டாக நிறுத்தி, நேர்கோட்டில் எது முந்துகிறது என்று பார்ப்போம். கொடி காட்டுவது என் வேலை.

ஓடுவதற்கு முன் ஒவ்வொரு காரும் அவளிடம் போக வேண்டும். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள். "நோயாளி பிழைப்பாரா?" என்பார் பல் டாக்டர். அவள் கட்டைவிரலைத் தூக்கினால் வண்டி கோட்டுக்குப் போகும். ஏழு வருஷமாக அந்த விரலை நம்பித்தான் ஓட்டினோம்.

ஒரு ஞாயிறு அவளிடம் வந்தது அவளுடைய அக்கா வீட்டுக்காரரின் கார். எங்கள் பஸ் டிரைவர் அவர்தான். மூன்றாம் சிலிண்டர் பக்கம் காது வைத்தவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"மாமா, இன்னொரு தரம் மிதிங்க."

மிதித்தார். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் மிதித்தார். பின்னால் ஒன்பது கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. "தாயே, வெயில் ஏறுது, சீக்கிரம்!" என்று கத்தியவன் நான்தான். அவள் விரலைத் தூக்கினாள்.

முக்கால் தூரத்தில் இன்ஜின் வெடித்தது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு அறுந்து, இன்ஜினின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய ஆயில் பின்சக்கரத்துக்கு அடியில் போக, கார் குறுக்கே சறுக்கித் தடுப்புச் சுவரில் மோதியது. மாமா பிழைத்துக்கொண்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளே என்னிடம் சொன்னது.

கம்பெனியில் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தி, தையல்காரப் பெண்ணை எழுப்பிவிட்டு, அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்ப்பாளாம். உள்ளே ஒரு குறையும் இருக்காது. மூடிவிட்டு நாலு அடி நடப்பதற்குள் பக்கத்து மெஷினில் கேட்கும். மெல்லிசாக, ஒரே ஒரு தட்டு. "அக்கா, உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று பெண்கள் சிரித்தார்களாம். பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்திருக்கிறாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்திருக்கிறாள்.

வெடித்த இன்ஜின், மாமா வீட்டு ஷெட்டில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மூன்று மாதம் யாரும் தொடவில்லை. ராடு சுழலும் இடத்தில் இருக்கிற பேரிங் தேய்ந்து தட்டியிருக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டும் தான் கோட்டை விட்டுவிட்டதாக அவளே முடிவு கட்டியிருந்தாள். திறக்கப் பயம். கடைசியில் மாமாவே சொன்னார்: "நீ பிரிச்சுப் பாரும்மா. வேற எவன் கையும் அதுல படக் கூடாது."

ஒரு பகல் முழுக்கப் பிரித்தாள். மாமா ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பு மடிப்பாக விரித்தாள். பேரிங் தேய்ந்திருந்தால் அதில் ஜிகினா மாதிரி பொடி மின்ன வேண்டும். ஒரு பொட்டுகூட இல்லை. ராடு சுழற்றுகிற கிராங்கின் தண்டு சூட்டில் நீலம் பாய்ந்திருக்க வேண்டும். பளபளவென்று இருந்தது. நசுங்கிய பேரிங் துண்டுகளைக் கழுவி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நசுக்கியது வெடிப்புதான், தேய்மானம் இல்லை. ஆயில் தொட்டியின் அடியில் துழாவியபோது ராடைக் கிராங்கோடு பிடித்திருக்கும் போல்ட்டின் பாதி கிடைத்தது. இழுத்த மிட்டாய் மாதிரி நடுவில் இளைத்து அறுந்திருந்தது.

"இது புது போல்ட் இல்ல, மாமா."

மாமா ஊன்றுகோலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "புதுசு சனிக்கிழமைக்குள்ள வந்து சேரல. பழசையே போட்டு முடுக்கினேன். உன்கிட்ட புதுசுன்னு பொய் சொன்னேன். சொல்லிருந்தா நீ விட்டிருப்பியா?"

இப்படி இழுபட்டு அறுகிற போல்ட் முன்கூட்டித் தட்டாது. பட்டென்று போகும். அதை எந்தக் காதாலும் பிடித்திருக்க முடியாது என்று அவளே மாமாவிடம் சொன்னாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து, கிரீஸ் கையென்றும் பார்க்காமல் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "விட்டுத் தொலைடி இனிமே. உன்மேல ஒண்ணுமில்ல."

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஸ்டெத்து போகவில்லை.

"அக்கா, எனக்கு அன்னிக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"அதான் போல்ட் சத்தமே போடாதுன்னு நீயே சொன்னியே?"

"இது வேற. என்னன்னு எனக்கே தெரியல. இன்ஜின் முழுக்கத் தேடிட்டேன், தட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா கேட்டுச்சு. சந்தேகமாதான் இருந்தது. அப்படியும் விரலைத் தூக்கினேன்."

அக்காவின் கை மெதுவாக விலகியது. "இதை ஏன் எங்கிட்ட சொன்ன?" என்றாள். கோபமாகக்கூட இல்லையாம். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா தரையைப் பார்த்தபடி, "நீ கிளம்பும்மா. நான் பேசிக்கறேன்" என்றார்.

இரண்டு மாதம் அக்காவிடமிருந்து போன் இல்லை. பிறகு ஒரு நாள், எடுத்த எடுப்பில், "வாஷிங் மெஷின் கடகடங்குது, வந்து பாரு" என்றாள். இவள் போய் பெல்ட்டை மாற்றினாள். அக்கா டார்ச் பிடித்தாள். காலைப் பற்றியோ காரைப் பற்றியோ இருவரும் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "சாப்பிடாம போகாத" என்றாளாம். மாமாவுக்கு இப்போது டிப்போவில் பஸ் வந்துபோகும் நேரம் குறிக்கிற வேலை. செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, முன்னைவிட அதிகமாகவே பேசுகிறார்.

ஸ்டெத்து இன்னமும் ஓடுதளத்துக்கு வருகிறாள். நான் இப்போதெல்லாம் கத்துவதில்லை. ஒரு காருக்கு அரை மணி நேரம் ஆனாலும் கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பொறுக்காத நாலு பேர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் மூன்று கார்களை ஓடக்கூடாது என்று நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் வண்டியை ஓரம் கட்டினார்கள். மூன்றையும் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.