தளம் போடாத நாள்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் உள்ளே திரும்பும் தெருவில் பெரியப்பாவின் லாட்ஜ் இருக்கிறது. பௌர்ணமிகளில் அறை கிடைக்காது. மற்ற நாட்களில் ஆள் கிடைக்காது. அது கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். தளம் போட நாள் குறித்து, ஆட்களும் வந்து, போடாமலே எல்லோரும் வீடு திரும்பிய கதையைப் பெரியப்பா ஒரு விதமாகவும் அப்பா வேறு விதமாகவும் சொல்வார்கள். நடந்தபோது நான் சென்ட்ரிங்குக்கு அடியில் இருந்தேன் என்பதை மட்டும் இருவருமே சொல்வதில்லை.

பெரியப்பாவுக்கு அந்த வருடம் ஒரே ஆசை. கார்த்திகை தீபத்தன்று உறவினர்களைத் தன் கட்டடத்தின் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மலை உச்சியில் தீபம் ஏறுவதைக் காட்ட வேண்டும். தூண்கள் எழும்பியதுமே கீழ்பென்னாத்தூர் வரை போய் எல்லா வீடுகளிலும் சொல்லிவிட்டு வந்தார். மாடி இல்லை. அழைப்பு முடிந்துவிட்டது.

கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவள் அத்தை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. சென்னையில் கட்டடங்களின் பலத்தைக் கணக்குப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். "வீட்லயே இன்ஜினியர் வெச்சிகினு வெளிய யாரைக் கேக்கணும்?" என்று பெரியப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். வரைபடம் கைக்கு வந்ததோடு இன்ஜினியரின் வேலை முடிந்தது என்பது அவருடைய எண்ணம்.

தளத்துக்கு ஊற்றும் காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்குவதற்காக, கீழே தகரத் தட்டுகள் பரப்பி, அவற்றுக்குச் சவுக்குக் கம்பங்களை நெருக்கமாக முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அதற்குத்தான் சென்ட்ரிங் என்று பெயர். எனக்கும் அஞ்சலிக்கும் அது காடு. அஞ்சலி அங்கே வேலை செய்த சித்தாளின் மகள், என் வயதுதான். பள்ளி விட்டதும் நான் அங்கே ஓடிவிடுவேன். கம்பத்துக்குக் கம்பம் தொட்டு ஓடலாம். ஒளிந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அஞ்சலியின் தம்பி, கைக்குழந்தை, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய புடவைத் தூளியில் தூங்கிக்கொண்டிருப்பான். வெயில் படாத இடம், மழை படாத இடம் என்று அவன் அம்மா அங்கே கட்டியிருந்தாள்.

ஐப்பசி முடிந்தும் மழை விடவில்லை. தீபத்துக்கு நாள் நெருங்கியது. ஜோசியரைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் குறித்தார் பெரியப்பா. முந்தின இரவு நன்றாகப் பெய்து, விடியும்போது நின்றிருந்தது. கலவை மெஷின் வந்தது. ஆட்கள் வந்தார்கள். ஒரு பக்கம் வேலையாட்களுக்கான பிரியாணி அடுப்பில் ஏறியது. கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். முதல் சட்டிக் கலவையைக் குடும்பத்துப் பெண் கையால் போட வேண்டும் என்று பெரியம்மா சொல்லியிருந்ததால், அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வந்து இறங்கினாள்.

அத்தை மேலே போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து சென்ட்ரிங்குக்கு அடியில் வந்தாள். நானும் அஞ்சலியும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்தோம். அத்தை விளையாட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு கம்பமாகத் தொட்டுக்கொண்டே வந்தாள், நாங்கள் செய்வதுபோலவே. ஒரு கம்பத்தின் அடியில் வைத்திருந்த செங்கல் துண்டைக் கால் விரலால் தள்ளிப் பார்த்தாள். செங்கல் ஈர மண்ணில் புதைந்து சாய்ந்தது. கம்பம் அந்தரத்தில் ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூளியிலிருந்த குழந்தையை வாரித் தோளில் போட்டாள். "வெளிய போ, ரெண்டு பேரும், ஓடு" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நாங்கள் ஓடினோம். குழந்தை வீறிட்டது. பட்டுப் புடவையில் சேறும் தோளில் யாரோ பெற்ற பிள்ளையுமாக அத்தை வெளியே வந்தபோது, கலவை மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்ட அழுகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெஷினை நிறுத்துங்க மேஸ்திரி" என்றாள்.

மேஸ்திரி பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நல்ல நேரம் போயினு இருக்குது."

"போனா வேற நேரம் பாக்கலாம்ணா. கீழ கொட்டின மண்ணை யாரும் இடிச்சி கெட்டிப்படுத்தவே இல்ல. அது மேல செங்கல்லை வெச்சி முட்டு நிறுத்தியிருக்காங்க. ராத்திரி மழையில ஊறிப்போயிருக்குது. மேல அவ்ளோ வெயிட் ஏறினா கம்பம் எறங்கிடும். ஒண்ணு எறங்கினா பக்கத்துல இருக்கறது தாங்காது."

"எத்தினி வீட்டுக்கு இப்படித்தான் போட்டுகீறோம் மேடம்" என்றார் மேஸ்திரி. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "ஒண்ணும் ஆனதில்ல."

"இதுவரைக்கும் ஆகல."

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "படம் போடறது உன் வேலை. கட்டறது என் வேலை. நீ போய் நிழல்ல உக்காரு" என்றார். மேஸ்திரிக்குக் கை காட்டினார். ஆட்கள் சாரத்தில் ஏறுவதற்கு வரிசையாக நின்றார்கள்.

அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. குழந்தையைக் கொடுப்பதற்காக அதன் அம்மாவைத் தேடிப் போனாள். அஞ்சலியின் அம்மா தலையில் சும்மாடு வைத்து, சட்டியோடு வரிசையில் நின்றிருந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, "எதுக்கும்மா புள்ளைய தூக்கினு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"தளம் எறங்கி புள்ள மேல விழுந்துடும்னு பயமா இருந்துச்சு" என்றாள் அத்தை. அவ்வளவுதான்.

அஞ்சலியின் அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். மேஸ்திரியைப் பார்த்து, "அவங்க படிச்சவங்க, இவ்ளோ நல்ல பொடவையில உள்ள பூந்து என் புள்ளைய தூக்கினு வந்துகீறாங்க. நான் மேல ஏற மாட்டேன், மேஸ்திரி. கூலி வேணாம்" என்றாள். பின்னால் நின்ற பெண்ணும் சட்டியை வைத்தாள். பிறகு ஆண்களில் சிலர் மணல் குவியலில் போய் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. மெஷின் மட்டும் சிறிது நேரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் அதையும் நிறுத்தினார்கள்.

கலந்துவிட்ட கலவையை வாசலில் கொட்டிப் பரப்பினார்கள். பிரியாணியை ஆட்கள் சாப்பிட்டார்கள். பெரியப்பா சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

அத்தை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் தங்கினாள். ஆட்கள் ஏற மறுத்துவிட்டதால் பெரியப்பாவும் தடுக்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, வேலை ஆட்களைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நானும் அஞ்சலியும் கயிற்றுக்கு வெளியே நின்று எங்கள் காடு அழிவதைப் பார்த்தோம். கம்பங்களை ஒவ்வொரு பகுதியாகக் கழற்றினார்கள். அப்போது மேஸ்திரி மண்ணைச் சோதிக்கக் கடப்பாரையை நட்டார். குத்தவில்லை, சும்மா நிறுத்திக் கையை எடுத்தார். அது தானாகவே மெல்ல உள்ளே இறங்கியது. வேடிக்கையாக இருந்ததால் நாங்கள் கை தட்டினோம். மேஸ்திரி எங்களை முறைத்துப் பார்த்தார். பெரியப்பா வருவதற்குள் அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கயிற்றுக்குப் பக்கத்தில் வந்தாலே எங்களை விரட்டுவதில் அவர்தான் அத்தையைவிட மும்முரமாக இருந்தார்.

மண்ணைக் கிளறி, தண்ணீர் விட்டு, கெட்டித்து, அதன்மேல் பலகை பரப்பி, கம்பங்களைத் திரும்ப நிறுத்தி, ஒன்றோடொன்று குறுக்குக் கட்டை போட்டுக் கட்டினார்கள். நடுவில் மழை வேறு. இதற்குள் தீபம் வந்தது. அழைத்த உறவினர்கள் அத்தனை பேரும் தவறாமல் வந்தார்கள். மாடி இல்லாததால் தெருவில், கூட்டத்தோடு கூட்டமாகத் தூறலில் நின்று மலையைப் பார்த்தார்கள். "எங்க மாடி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரியப்பா, "என் தங்கச்சியைக் கேளுங்க" என்றார். அத்தை எல்லோருக்கும் குடை பிடித்தாள்.

தீபம் முடிந்த பிறகு ஒரு நாள் தளம் போட்டார்கள். நல்ல நேரம், தேங்காய், பிரியாணி எல்லாம் மறுபடியும். இந்த முறை முதல் சட்டியைப் பெரியம்மாவே போட்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அத்தை கயிற்றை ஒட்டி நின்று கம்பங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அப்புறம் என்றாள். கடைசிச் சட்டியையும் கொட்டி மட்டம் பிடித்து ஆட்கள் இறங்கினார்கள். ஒரு கம்பம் அசையவில்லை. ஒரு சொட்டுக் கலவை சிந்தவில்லை.

பெரியப்பா வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "பாத்தியா? ஒண்ணும் ஆகல. இதுக்கா அன்னிக்கி அந்த ஆட்டம் ஆடின?"

அத்தை கம்பங்களிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "ஆமாண்ணா," என்றாள், "ஒண்ணும் ஆகல."

சொல்லிவிட்டு அங்கே கிடந்த சிமெண்ட் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது புரியவில்லை. ஏதாவது ஆகும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள் அவள். ஒன்றுமே ஆகவில்லை. பெரியப்பா ஜெயித்துவிட்டார், அத்தை தோற்றுவிட்டாள், அவமானத்தில் அழுகிறாள் என்று கணக்குப் போட்டேன். முதுகில் அடித்ததற்காக அவள்மேல் இருந்த கோபம்கூட அப்போது போய்விட்டது.

டீயோடு எனக்குக் கொடுத்திருந்த மெதுவடையை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். "பரவால்ல விடு அத்தை" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். வடை முழுவதையும், எனக்கு ஒரு வாய்கூடப் பிட்டுத் தராமல், அவளே சாப்பிட்டு முடித்தாள்.