காட்டுக்கு எந்தக் கத்திங்க?

காலை ஒன்பதே கால் மணி, ஏழு கத்திகள், குமரேசன். என் புதிய தொழிலின் முதல் நாளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் செய்தி இப்படித்தான் தொடங்கும். கத்தி வியாபாரத்தில் ஒரு நிம்மதி உண்டு: வாடிக்கையாளர் யாரும் அவசரமாக ஓடி வருவதில்லை. அப்படி யாராவது ஓடி வந்தால் நாம்தான் ஓட வேண்டும்.

சேலத்தில் ஒரு நாளிதழில் நிருபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் கூடாரம் வாடகைக்கு விடும் குமரேசன் என் மனைவியின் தம்பி. காட்டில் தங்க வருகிறவர்களுக்குப் பொருத்தமான கத்தியைத் தேர்ந்து கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக அவன் கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்க இடம் கேட்டேன். அவனோ அதே இடத்தில் வேகவைத்த மக்காச்சோளம் விற்கலாமென்று இருந்தான். பெட்டியை நான் துடைத்து முடித்ததும் நிபந்தனையைச் சொன்னான்:

“சேர்வராயன் கோயில் திருவிழா வரைக்கும் பாருங்க மாமா. வாங்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தராச்சும் திரும்பி வந்து, இது உருப்படியான கத்தின்னு சொல்லோணும். இல்லாட்டி சோளந்தான்.”

சுற்றுலா ஊரில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு இதன் கொடுமை புரியும். நம்மிடம் வாங்கிப் போனவர் மறுபடி வந்து நின்றால், பெரும்பாலும் பொருளைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருப்பார்.

பெரியதே வேண்டும்

முதலில் வந்தவர்கள் சென்னையிலிருந்து காரில் வந்த நான்கு இளைஞர்கள். நான்கு பேரும் முட்டி வரை பாக்கெட் வைத்த கால்சட்டை போட்டிருந்தார்கள். ஏழில் பெரியது எது என்று பார்த்து, அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். முழங்கை நீளம். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு காருக்குள் உட்கார முடியாது என்று எடுத்துச் சொன்னேன். ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கதவைத் திறந்து வைத்தால் முடிகிறது என்றார்.

கத்தி தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அதை நானும் கேட்டேன்: இதை வைத்து என்ன வெட்டப் போகிறீர்கள்? நான்கு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். சமையல் என்ன என்று விசாரித்தேன். நூடுல்ஸாம். கடைசியில் கூட்டத்தின் தலைவர் போலிருந்தவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

“முதல்ல கத்தியைக் குடுங்க சார், வெட்டறதுக்கு ஏதாவது பார்த்துக்கலாம்.”

பதினான்கு வேலை

மடக்குக் கத்தி ஒன்று வைத்திருந்தேன். அதில் சிறு ரம்பம், கத்தரி, திருப்புளி, மூடி திறப்பான், பல் குத்தும் குச்சி என்று பதினான்கு உறுப்புகள். ஓமலூரிலிருந்து மனைவியோடு வந்த ஒருவர் அத்தனையையும் ஒவ்வொன்றாக விரித்தார். மடக்க வரவில்லை. ஒன்றை மடக்கினால் இன்னொன்று எழுந்தது. கடை வாசலில் அவர் கையில் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருப்பதைப் போலிருந்தது.

நான் வாங்கி மடக்கிக் காட்டி, காட்டில் ஒருவன் தனியாக மாட்டிக்கொண்டால் இது எல்லா வேலையும் செய்யும் என்று விளக்கினேன். அவர் மனைவி கேட்டார்:

“ஏனுங்க, பதினாலு வேலை செய்யுமுங்கறீங்க. எங்க ஊட்டுக்காரரை ஒரு வேலை செய்ய வெக்குமுங்களா?”

பலாப்பழப் பரீட்சை

வாழவந்தியில் காப்பியும் பழமும் பயிர் செய்கிற பொன்னுசாமி, எங்கள் கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார். என் கத்திகளிலேயே பார்வைக்கு மிரட்டலானது, முதுகில் ரம்பப் பல் வைத்த கறுப்புக் கத்தி. அதைப் பார்த்துப் பார்த்து ஆசை தாங்காமல், ஒரு நாள் தோளில் பலாப்பழத்தோடு வந்துவிட்டார். கத்தியை இதில் சோதித்தால்தான் அவருக்கு நம்பிக்கையாம். எனக்கும் பலாப்பழத்தின் மேல் நம்பிக்கை உண்டு. சம்மதித்தேன்.

கத்தி சுலபமாக உள்ளே போனது. வெளியே வரும்போது ரம்பப் பல் ஒவ்வொன்றிலும் ஒரு நார், ஒவ்வொரு நாரிலும் பால். குமரேசன் எண்ணெய் தேடி ஓடினான். கூடாரம் கேட்டு வந்தவர்களும் உட்கார்ந்து சுளை தின்றார்கள். அன்று வியாபாரம் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் கடையில் அப்படியொரு கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பழம் தீர்ந்த பிறகும் பொன்னுசாமி குச்சியை வைத்துப் பல் பல்லாக நோண்டிக்கொண்டிருந்தார்.

“பழம் நொம்ப நல்லாருந்துச்சுங்க. கத்தியைத்தான் இன்னொரு கத்தி வெச்சு உரிக்கோணுமாட்ட இருக்குது.”

அன்றே ரம்பப் பல்லை ஒழித்தேன். நான்கு விரல் அகலத்துக்கு மேல் அலகு நீளக்கூடாது, முதுகு வழவழப்பாக இருக்க வேண்டும், மடக்குவதும் விரிப்பதும் கூடாது. அப்படியொரு எளிய கத்தியை வரவழைத்தேன். விற்கவும் ஆரம்பித்தது. மக்காச்சோளம் தோற்றுவிட்டது என்று நினைத்தேன்.

காணாமல் போகும் கத்தி

பிறகுதான் தொல்லை. வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், ஆனால் கத்தி தொலைந்துவிட்டது என்று சொல்ல. முதல் ஆளை அசட்டை என்று நினைத்தேன். இரண்டாமவரைத் தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாமவர் வந்ததும் எனக்குள் இருந்த பழைய நிருபர் விழித்துக்கொண்டார். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். ஒரு எஸ்டேட்டின் ஓரத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் குமரேசன் கூடாரம் அடிக்கும் இடம் இருக்கிறது. மாலை அங்கே போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

சங்ககிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பாவாயி என்ற மாமியார் என் கத்தியால் வெங்காயம் அரிந்தார். மருமகள் செல்வி, தக்காளிக்கு வேண்டும் என்று கை நீட்டினாள். பாவாயியம்மா கத்தியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கீழே என்றால் சிமெண்ட் தரை. இங்கே கீழே என்றால் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. செல்வி அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள். கறுப்பு அலகு, கறுப்புப் பிடி. கத்தி இல்லை.

ஆண்கள் செல்போன் வெளிச்சத்தில் சருகைக் கிளறினார்கள். “நீங்க எங்கீங்க அத்தை வெச்சீங்க?” என்று செல்வி கேட்க, “உன்ற காலுக்கிட்டத்தான், கண்ணு எங்க போச்சு?” என்று மாமியார் கேட்க, குரல்கள் ஏறின. தேடிக் களைத்த பாவாயியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் முறையிட்டார்:

“கையில குடுத்தா சண்டை வருமுன்னுதானுங்க கீழ வெச்சேன். இப்பக் கத்தியும் போச்சு, சண்டையும் வந்துருச்சு.”

சிவப்பு

எஃகின் தரம், அலகின் நீளம், பிடியின் கனம் என்று நான் என்னென்னவோ யோசித்திருந்தேன். யோசிக்காதது நிறத்தை. மறுநாளே எல்லாப் பிடிகளுக்கும் சிவப்பு எனாமல் அடித்துக் காய வைத்தேன். “கத்தி விக்கறீங்களா, லிப்ஸ்டிக் விக்கறீங்களா?” என்றான் குமரேசன். பாவாயியம்மா குடும்பம் ஊர் திரும்பும் வழியில் வந்தபோது, அவர்களுக்கென்று முதலில் அடித்து அடுப்பருகே நன்றாகக் காய வைத்திருந்த கத்தியை, தொலைந்ததற்குப் பதிலாகக் கொடுத்தேன்.

மற்றவை காயவில்லை. அந்த வாரம் முழுக்கப் பனிமூட்டம். அது தெரியாமல் ஒன்றை வாங்கிய கல்லூரி மாணவர், பிடியை இறுகப் பிடித்தபடி பஸ் நிலையத்துக்கு நடந்து, டீக்கடையில் நின்றிருக்கிறார். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு, சட்டையில் கொஞ்சம். வெள்ளக்கடை பஸ்ஸுக்கு நின்றவர்கள் பின்பக்கமாகவே நடந்து போனார்களாம். மாணவர் ஒன்றும் புரியாமல் டீ கேட்க, டீ மாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சொன்னாராம்:

“டீ அப்பறம் குடிச்சுக்கலாமுங்க. மொதல்ல எத்தனை பேருன்னு சொல்லீருங்க.”

எனாமலைச் சுரண்டி எடுத்துவிட்டு, சைக்கிள் கடையில் ஹேண்டில்பாருக்குச் சுற்றும் சிவப்புப் பட்டையைச் சுற்றினேன்.

திருவிழா அன்று

மக்காச்சோள அடுப்பு வந்து இறங்கிவிட்டது. கோயிலுக்குப் போகும் கூட்டம் காலையிலிருந்து கடையைத் தாண்டிப் போனது. பெட்டியிலிருந்த கத்திகளை நானே எடுத்துத் தாளில் சுற்ற ஆரம்பித்தேன். குமரேசன் உதவிக்கு வந்தான். அது இன்னும் வருத்தமாக இருந்தது.

மத்தியானம், தலையில் பூவும் நெற்றியில் விபூதியுமாகச் செல்வி படியேறி வந்தாள். அந்தக் கத்தியைப் போலவே இன்னொன்று வேண்டும் என்றாள். அதுவும் தொலைந்துவிட்டதா என்று கேட்டேன்.

“எங்கீங்க தொலையுது? அத்தை ஊட்டுலயும் அதைத்தான் வெச்சு அரியறாங்க, தோட்டத்துக்கும் அதையே கொண்டு போறாங்க. அந்தச் செவப்பு தூரத்துலயே தெரியுதுங்க, நான் எந்திரிச்சுப் போய் எடுக்கறதுக்குள்ள அவங்க எடுத்துக்கறாங்க. உருப்படியான கத்தி வேணுமுன்னா எனக்குத் தனியாத்தானுங்க வாங்கோணும்.”

தாளைப் பிரித்து ஒரு கத்தியைக் கண்ணாடி மேல் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். குமரேசன் மீதிக் கத்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெட்டிக்குள் அடுக்கினான்.

“சரீங்க மாமா, சோளத்தை வாசல்ல வெச்சுக்கறேன்.”

2019 அக்டோபரில், ஆயுத பூஜைக்கு மறுநாள், குமரேசன் இரண்டாவது கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கினான். அதைத் துடைப்பதும் நான்தான்.