குடைக்காரிக்கு நிழல் போட்டவர்

பட்டறையில் அவரைப் பெயின்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளெல்லாம் பஸ்களுக்கு வர்ணம் அடித்தவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். தகரத்தில் ஒரு சின்னக் கொப்புளம் கண்ணில் பட்டால் போதும், மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி ப்ரைமர் என்கிற அடிப்பூச்சில் இருந்து தொடங்குவார். மேஸ்திரி தலைகீழாக நின்றாலும் வண்டி வெளியே போகாது.

அந்த மனிதர்தான் மகள் செத்த பிறகு அவளுடைய டேப்லெட்டைக் கையில் எடுத்தார்.

மகள் அதில் படக்கதை வரைந்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கதாநாயகி குடை விற்கிறவள். உப்பிய கன்னம், லேசில் சிரிக்காத வாய். அடுத்த பக்கம் எப்போது வரும் என்று முகம் தெரியாத ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் காட்டாத கடைசிப் பக்கம் டேப்பிலேயே நின்றுபோனது. கோடு போட்டிருந்தாள், நிறமும் நிரப்பியிருந்தாள். நிழல்தான் பாக்கி. பெயின்டருக்கு அது ப்ரைமரோடு தெருவில் விட்ட வண்டியாகத் தெரிந்தது.

"நான் முடிக்கிறேன்" என்றார் மனைவியிடம்.

"வேண்டாங்க. அவ விட்டது விட்டபடியே இருக்கட்டும்."

"அரைகுறையா எப்படி விடறது?"

"அரைகுறையாப் போனவதானே அவ." அதற்குமேல் அந்த அம்மாள் பேசவில்லை. பெயின்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தனக்கு வேண்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில் ஆண்களைக் கேட்கவா வேண்டும்!

மகளின் தோழி போனில் சொல்லிக்கொடுத்தாள். "முதல்ல வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு முடிவு பண்ணுங்க அங்கிள். பாதியில அதை மாத்தக் கூடாது."

அது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. பக்கவாட்டு வெளிச்சத்தில்தானே தகரத்தின் ஒடுக்கு தெரியும். முதலில் வெறும் வட்டத்தை உருண்டையாக்கிப் பழகினார். பிறகு தனியாக ஒரு முகம் போட்டு, அதன் கன்னத்தில் கறுப்பை அப்பி அவளுக்கு அனுப்பினார்.

"ஐயோ, யாரோ அறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் தோழி. "கறுப்பு வேண்டாம் அங்கிள். தோல் நிறத்தையே கொஞ்சம் ஆழமாக்கிக்குங்க. மூக்குக்குக் கீழ, தாடைக்குக் கீழ நிழல் வெட்டினாப்பல இருக்கணும். கன்னத்துல மட்டும் மெதுவாக் கரையணும்."

பெயின்டர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே வெகு காலம் ஆகியிருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு நிமிடம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"இன்னொண்ணு அங்கிள். நிழலைத் தனி லேயர்ல போடுங்க. படத்துமேல கண்ணாடித்தாள் வச்சு வரையற மாதிரின்னு நினைச்சுக்குங்க. அவ கோட்டுமேல மட்டும் கை வச்சிடாதீங்க."

"சரிம்மா" என்றார். சொன்னபடியே செய்தார். ஆனால் அந்தத் தனித்தனி லேயர்கள் அவரை உறுத்திக்கொண்டே இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டாத பூச்சு முதல் மழைக்கே உரிந்து வரும் என்று பட்டறைக்கு வந்த அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவர் அவர்.

ஒரு விடுமுறை நாள் காலை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். குடைக்குக் கீழே நெற்றியில் விழுகிற நிழல் அன்றைக்குத்தான் சரியாக அமைந்தது. முகம் தட்டை மாறி உயிரோடு நின்றது. பெயின்டருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்தது, இனி உரியாமல் பிடித்து நிற்க வேண்டும். எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர் என்ற கட்டளையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். பிறகு, கடைசியாகப் பாலிஷ் போடுகிற பழக்கத்தில், தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து முகம் முழுக்க வழவழவென்று தேய்த்தார். நிழலோடு கோடுகளும் கரைந்தன. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார், பாவம். சேமித்தார், மூடினார், தோழிக்கு அனுப்பினார்.

உடனே போன் வந்தது. "அங்கிள், அவ போட்ட கோடெல்லாம் எங்க?"

"சேர்த்துட்டேன்மா. தனித்தனியா நின்னா பிடிக்காதேன்னு..."

"வேற காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இல்லையே. பழையபடி பிரிச்சுக்கலாம் இல்ல?"

மறுமுனையில் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்த வாய் திறந்தவருக்கு அப்போதுதான் புரிந்தது. போனை எப்படி வைத்தார் என்று அவருக்கே தெரியாது. டேப்பைத் திறந்து பின்னுக்குப் போகிற பொத்தானை அழுத்தினார். சேமித்து மூடிய படத்தில் அது அசையவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார்.

மனைவி பையோடு உள்ளே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. நாளெல்லாம் வாயே திறக்காதவள் அன்றைக்கு என்னவோ தானாகவே கேட்டாள்.

"முடிச்சிட்டீங்களா? காட்டுங்க பார்ப்போம்."

பையை இறக்கிவைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டேப்பை வாங்கினாள். ஜன்னல் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்டதா?"

பெயின்டர் தலையை ஆட்டினார்.

"சரி" என்று டேப்பை அவரிடமே நீட்டினாள். "இப்ப அவ வரைஞ்சதைக் காட்டுங்க."